உண்டதை எழுதுதல்

உணவு நாட்குறிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சில காலமாகவே இருந்துவந்தது. அண்மையில் ஆசிரியர்கள் கூடியிருந்த ஓரிடத்திலே எழுந்த யோசனையொன்று அதனை இனியும் தள்ளிப்போட இயலாதபடி செய்துவிட்டது. நீரிழிவும் உடற்பருமனும் பெருகிவரும் இந்நாளிலே மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தாம் உண்பதைத் தினந்தோறும் ஒரு கொப்பியில் எழுதிவர வேண்டும். வகுப்பாசிரியர் வாரந்தோறும் அதனைப் பார்வையிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பதே அந்த யோசனை. கூறியவர் நல்லெண்ணத்துடனேயே கூறினார். கேட்டவர்களுட் பெரும்பாலோர் தலையசைத்தனர். எனக்கோ அதன் முற்பாதியிலே உடன்பாடு உண்டு. பிற்பாதியிலே சிறிதும் இல்லை. உண்டதை எழுதுவது நன்மை தரும் பழக்கம். பிறர் பார்வைக்கென்று எழுதத் தொடங்கிய அன்றே அந்த நன்மை போய்விடுகிறது.

முதலில் எழுதுவதன் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். இலக்கியத்தில் ஈடுபாடுள்ள அன்பர் சிலர், "உண்டதை எழுதிவைப்பதும் ஓர் எழுத்தா?" என்று முகஞ்சுளிப்பர். உள்ளத்தின் போராட்டங்களையும் ஊரின் நிகழ்ச்சிகளையும் பதிவதே நாட்குறிப்பு என்றும், இடியப்பத்தை எண்ணிக்கொண்டிருப்பது கடைக்காரன் வேலை என்றும் அவர்கள் கருதுகின்றனர். கடைக்காரன் வேலையில் இழிவு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழிலே நமக்குக் கிடைத்துள்ள நாட்குறிப்புகளுட் பெரும்புகழ் பெற்றதை எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை ஒரு வணிகரே. புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக விளங்கிய அவர் 1736 ஆம் ஆண்டு தொடங்கித் தாம் மறைந்த 1761 ஆம் ஆண்டுவரை எழுதிய குறிப்புகள் இன்றும் வரலாற்றாசிரியருக்குப் பெருஞ் செல்வம். சரக்கையும் விலையையும் கப்பல் வரவையும் குறித்துப் பழகிய கை அவருடையது. அந்தக் கை மிகையாக எழுத அஞ்சும். நாளையும் நேரத்தையும் விட்டுவிடாது. உணவுக் கொப்பிக்கு வேண்டிய கையும் அதுவே.

நமது வீடுகளிலே காசுக்கு எப்போதும் கணக்கு உண்டு. பால்காரரின் கணக்குச் சுவர்க் கலண்டரிலே இருக்கும். மளிகைக் கடையின் கடன் கொப்பி மாதமுடிவிலே வரிக்கு வரி சரிபார்க்கப்படும். மீன்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் வழக்காடுவோம். வாங்கியது வாயினுள்ளே சென்றபின்னர் அதற்குக் கணக்கு ஏதும் இல்லை. திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரம் உண்ணுதலைப் பற்றியே பெரிதும் பேசுகிறது என்பதை மாணவருக்கு நாம் கற்பிக்கிறோம். முன் உண்டது அற்றதை அறிந்து உண்பதற்கு, முன் உண்டது எதுவென்றும் எப்போதென்றும் நினைவிருக்க வேண்டுமல்லவா? நேற்று மாலை நான்கு மணிக்கு உண்டது என்னவென்று வாசகர் ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

தேநீரையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை அருந்துபவர் நமது ஆசிரியர் அறைகளிலே அரியவர் அல்லர். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி; கரண்டியை மட்டமாக அள்ளினாலும் ஏறக்குறைய நான்கு கிராம். நாளொன்றுக்கு நாற்பது கிராம், மாதத்திற்கு ஒரு கிலோவும் இருநூறு கிராமும், ஆண்டிற்குப் பதினான்கு கிலோவுக்கு மேல். உணவிலே சேர்க்கும் சீனியை நாளுக்கு இருபத்தைந்து கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நலம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டிலே கூறியது. பணிசும் பிஸ்கற்றும் இக்கணக்கிலே இன்னும் வரவில்லை. இலங்கையிலே 2016 ஆம் ஆண்டில் குளிர்பானப் போத்தல்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் விதிக்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நமது அடுக்களைக் கோப்பைக்கு நிறம் தீட்டுவார் யாருமில்லை. அதனை எழுதித்தான் அறிய வேண்டும்.

எழுதி அறிவதற்கு மேனாட்டிலே நீண்ட வரலாறு உண்டு. பாதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் போதித்த சந்தோரியோ என்பவர் ஒரு பெரிய தராசிலே நாற்காலியைத் தொங்கவிட்டு அதிலே அமர்ந்து உண்டார். உண்ணுமுன் தம் எடை, உண்டபின் தம் எடை, உணவின் எடை, கழிவின் எடை என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அளந்து குறித்தார். எட்டு இறாத்தல் உணவும் பானமும் உட்கொண்டால் அதில் ஐந்து இறாத்தல் கண்ணுக்குத் தெரியாமலே உடலினின்றும் ஆவியாகிச் செல்கிறது என்று 1614 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலிலே எழுதினார். அவர் கண்ட விளக்கங்களிற் பல இன்று நிற்கா. தம்மைத் தாமே அளந்து எழுதிய அந்த முறைமை நிற்கிறது.

அவரைக் காட்டிலும் எனக்கு நெருக்கமானவராகத் தோன்றுபவர் வில்லியம் பாண்டிங். இலண்டனிலே அரச குடும்பத்தாரின் ஈமக்காரியங்களையும் பொறுப்பேற்று நடத்திய தொழிலாளர் அவர். மருத்துவர் அல்லர், எழுத்தாளரும் அல்லர். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாமலும், மாடிப்படியிலே பின்புறமாக இறங்க வேண்டியும் இருந்த பருத்த உடம்பினர். காலையிலே படகு வலித்தார், பசிதான் கூடியது. இறுதியிலே காது கேளாமை காரணமாக ஒரு மருத்துவரை நாடிச் செல்ல, பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கைவிடுமாறு அவர் கூறினார். 1862 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 202 இறாத்தலாக இருந்த பாண்டிங் அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் 156 இறாத்தலானார். நமது கணக்கிலே ஏறக்குறைய இருபத்தொரு கிலோ குறைந்தது. 1863 ஆம் ஆண்டு அதைப் பற்றித் தம் செலவிலேயே ஒரு சிறு நூல் அச்சிட்டார். திகதியையும் எடையையும் நிரலாகக் கொண்ட அட்டவணையும் அதிலே வெளிவந்தது. அவருடைய பெயரே ஆங்கிலத்திலே 'மெலிவதற்காக உணவைக் கட்டுப்படுத்துதல்' என்ற பொருளில் வினைச்சொல்லாயிற்று. அவர் மேற்கொண்ட உணவுமுறையைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. என் கண்ணிற் படுவது அந்த அட்டவணையே. அதிலே புலம்பலில்லை, தற்பெருமையில்லை. திகதியும் இறாத்தலும் மாத்திரமே உள்ளன.

இக்கால ஆய்வுகளும் இதற்குத் துணைநிற்கின்றன. அமெரிக்காவிலே ஏறக்குறைய ஆயிரத்தெழுநூறு பேரை ஆறு மாத காலம் அவதானித்து 2008 ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், உணவைத் தினமும் குறித்துவந்தவர்கள் குறிக்காதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு எடையை இழந்திருந்தனர். எழுதுகின்ற உறுதி உள்ளவருக்கு உணவைக் குறைக்கின்ற உறுதியும் இருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வியே. அதற்கு எதிர்ப்புறத்திலே 1992 ஆம் ஆண்டின் ஆய்வொன்றும் உண்டு. குறைவாகவே உண்கிறோம், ஆயினும் மெலியவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயோர்க்கிலே சோதித்தார்கள். அவர்கள் தாம் உண்டதாகக் குறித்தது உண்மையில் உண்டதினும் சராசரியாக நூற்றுக்கு நாற்பத்தேழு பங்கு குறைவு. தாம் செய்ததாகக் குறித்த உடலுழைப்போ ஐம்பத்தொரு பங்கு மிகை. அவர்கள் பொய்யர் அல்லர். மனித நினைவு தன் உடையவனுக்குச் சார்பாகவே சாட்சி சொல்லும். ஆகவே எழுதினால் மாத்திரம் உண்மை வந்துவிடாது. எப்படி எழுதுகிறோம் என்பதும் பார்க்கப்பட வேண்டியதே.

இங்கேதான் தமிழாசிரியனாகிய எனக்கு இந்த விடயத்திலே சொந்த அக்கறை பிறக்கிறது. நமது பேச்சிலே உணவைப் பற்றிய சொற்கள் பெரும்பாலும் அளவை மறைப்பதற்கென்றே அமைந்தவைபோலத் தோன்றுகின்றன. 'கொஞ்சம் சோறு', 'ஒரு வாய் பிட்டு', 'சும்மா ஒரு துண்டு', 'ருசி பார்த்தது' என்கிறோம். 'காணும், காணும்' என்ற சொல்லுக்கு நமது பந்திகளிலே 'இன்னும் ஓர் அகப்பை' என்பதே பொருள். கொஞ்சம் என்பது ஒருவருக்கு ஒரு பிடி. இன்னொருவருக்குக் கோப்பை நிறைய. இவை அன்பின் சொற்கள். உபசரிப்பவர் வாயிலே அவை இருக்கட்டும். கொப்பியிலே அவற்றுக்கு இடமில்லை. அதற்காகக் கிராமும் கலோரியும் தேடி அலைய வேண்டியதுமில்லை. அரிசிக்குச் சுண்டு இருக்கிறது, சோற்றுக்கு அகப்பை இருக்கிறது, பிட்டுக்குக் குழல் இருக்கிறது, இடியப்பத்தை எண்ணலாம். நம் வீட்டு அகப்பை நாளைக்கும் அதே அகப்பைதான். நேற்றையதோடு இன்றையதை ஒப்பிடுவதற்கு அது போதுமானது.

என் கொப்பியிலிருந்து ஒரு நாளைத் தருகிறேன். "காலை 5.50, தேநீர், பனங்கட்டி ஒரு சிறு துண்டு. 7.10, பிட்டு அரைக் குழல், முருங்கையிலைச் சுண்டல், ஒரு வாழைப்பழம், பசி இருந்தது. 10.30, வடை ஒன்று. பசி இல்லை, எல்லாரும் உண்டனர். பிற்பகல் 1.40, சோறு மூன்று அகப்பை, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் ஒரு துண்டு, மிகப் பசி. 4.15, ஒன்றுமில்லை. இரவு 8.20, இடியப்பம் ஆறு, சொதி." இதிலே இலக்கியம் எதுவும் இல்லையென்று அன்பர்கள் கூறலாம். 'பசி இல்லை, எல்லாரும் உண்டனர்' என்ற தொடரை நான்கு கிழமைகளிலே பதினொரு தடவை எழுதியிருப்பதைக் கண்டபோது, மனிதர் கூடியிருந்து உண்ணுவதைப் பற்றி அறிய வேண்டியதிற் பெரும்பங்கை அறிந்தேன். உணவின் பெயரைவிட அதன் அருகே குறிக்கப்படும் நேரமும் பசியும் கூட்டமும் அதிகமாகப் பேசுகின்றன. விரதநாட்களும் அப்படியே. விரதத்தன்று பக்கம் வெறுமையாக இருக்கும். பாறணை நாளிலே ஒரு பக்கம் போதாது.

என்னிடம் முன்னர் படித்து இப்போது தாமும் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் ஒருமுறை, "மாஸ்டர், நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறதே இல்லை. பிறகேன் இந்த உடம்பு வைக்குது?" என்று கேட்டார். "ஒரு கிழமை எழுதிப் பாரும் பிள்ளை, எனக்குக் காட்ட வேண்டாம்" என்றேன். காட்டவில்லை, ஆனால் அடுத்த மாதம் தாமாகவே சொன்னார். காலையிலே பிள்ளை மிச்சம்விட்ட இடியப்பம் இரண்டு. கறிக்கு உப்புப் பார்த்தது மூன்று முறை. கொட்ட மனமின்றிச் சட்டியிலே வழித்த பிட்டு. நின்றபடி குடித்த தேநீர் நான்கு. இவற்றில் ஒன்றையும் அவர் உணவென்று எண்ணியதில்லை. ஏனெனில் கோப்பையிலே போட்டு இருந்து உண்டால்தான் அவருக்கு அது சாப்பாடு. அந்தக் கிழமையிலே அவர் இருந்து உண்ட நேரங்கள் நான்கு. அவர் தமக்கென்று கண்ட பரிகாரம் உணவைக் குறைப்பதன்று. காலையிலே எல்லாருக்கும் முன்னதாகத் தமக்கென ஒரு கோப்பை போட்டு, கதிரையில் இருந்து உண்பது. வழிப்பதும் பொறுக்குவதும் அதன்பின்னர் தாமாகவே குறைந்தனவாம். நம் வீட்டுப் பெண்கள் உண்பது அவர்களுக்கே தெரியாமல் நடைபெறுகிறது என்பதை அன்று உணர்ந்தேன். எந்த வைத்தியரும் இதைக் கேட்டு அறிந்திருக்க முடியாது. கேட்டிருந்தால், "ஒன்றும் சாப்பிடுறேல்லை டொக்டர்" என்று மனமறிந்து உண்மையாகவே கூறியிருப்பார்.

அந்தக் கொப்பி எனக்குக் காட்டப்பட வேண்டியதாக இருந்திருப்பின் சட்டியில் வழித்த பிட்டு அதிலே ஏறியிருக்குமா? ஏறியிராது என்பதே என் துணிபு. பதினேழாம் நூற்றாண்டிலே இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பு உண்மைக்குப் பெயர்போனது. அவர் அதனைச் சுருக்கெழுத்திலே எழுதினார். அது 1825 ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது. மது அருந்துவதில்லை என்று சபதம் செய்திருந்த அவர் 1663 ஆம் ஆண்டு நகரபிதாவின் விருந்திலே மசாலையும் இனிப்பும் கலந்த ஒரு வகை மதுவை அருந்தினார். இது கலப்புப் பானமேயன்றி மது ஆகாது, ஆகவே சபதம் குலையவில்லை என்று தமக்குத் தாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். தாம் கருதியது பிழையாயின் இறைவன் பொறுக்கட்டும் என்றும் சேர்த்து எழுதினார். நமக்குச் சிரிப்பு வருகிறது. சபதத்தையும் தண்டத்தையும் வைத்துக்கொண்டால் மனிதன் தன் முன்னிலையிலேயே வழக்கறிஞனாகிவிடுகிறான். எனினும் மறைவாக எழுதியமையால் அந்த வழக்கையாவது முழுமையாக எழுதினார். மேலதிகாரி ஒருவர் கிழமைக்கொருமுறை கையொப்பமிடுவதாக இருந்திருந்தால் விருந்துக்குப் போனதே பதிவாகியிராது.

மாணவரின் கொப்பியை ஆசிரியர் பார்வையிட வேண்டும் என்ற யோசனைக்கு இப்போது வருகிறேன். பார்வையிடப்படும் கொப்பியிலே கீரையும் குரக்கனும் மிகுந்திருக்கும். பாடசாலை வாயிலிலே விற்கும் பொரியல்கள் ஒருபோதும் இடம்பெறா. பிழையின்றிப் பொய் எழுதுவதற்கு இன்னொரு பயிற்சி வேண்டுமானால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இதைவிடப் பாரமான காரணங்கள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று வறுமை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எத்தனை குடும்பங்கள் மூன்று வேளையை இரண்டாக்கின என்பதை வகுப்பறையிலே நின்றவர்கள் அறிவார்கள். காலைக் கூட்டத்திலே மயங்கி விழுந்த பிள்ளைகளை நாமே தூக்கிச் சென்றிருக்கிறோம். அத்தகைய வீட்டுப் பிள்ளை 'காலை: வெறுந்தேநீர்' என்று ஐந்து நாளும் எழுதி, அதன்கீழே ஆசிரியரின் சிவப்புமை அடையாளத்தைப் பெற வேண்டுமா? அருகிலிருக்கும் பிள்ளை எட்டிப் பார்க்காதிருக்குமா? உண்மையை எழுதினால் வெட்கம்; பொய்யை எழுதினால் அதைவிட வெட்கம். உடல்நலத்தின் பெயரால் ஒரு பிள்ளையை இந்த நிலைக்குத் தள்ள எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

மற்றது பருவவயதுப் பிள்ளைகளின் மனம். தம் உடம்பைப் பிறர் எப்படிக் காண்கிறார் என்பதே பெருங்கவலையாக இருக்கும் வயது அது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். 'குண்டு' என்று வகுப்பிலே ஒருமுறை சொல்லப்பட்ட சொல் நாற்பது வயதிலும் மறக்கப்படாதிருப்பதை நான் அறிவேன். அவ்வயதினரிடம் உணவை எண்ணும் பழக்கத்தைக் கொடுத்தால் சிலரிடம் அது உணவையே வெறுக்கும் நோயாக முற்றக்கூடும் என்று மனநல வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர். வளரும் பிள்ளைக்கு எடைக் குறைப்பு என்ற பேச்சே வைத்தியர் ஒருவரின் ஆலோசனையோடு எழ வேண்டியது. பாடசாலைக்கு ஏதேனும் எழுதவேண்டும் என்ற ஆவல் இருக்குமானால் தன் சிற்றுண்டிச்சாலையிலே ஒரு கிழமையில் எத்தனை றோல்சும் எத்தனை பழமும் விற்பனையாகின என்று எழுதி அறிவித்தற் பலகையிலே ஒட்டட்டும். அந்தக் கணக்கைப் பார்வையிட எல்லாருக்கும் உரிமை உண்டு.

ஆகவே எழுதவேண்டியவர்கள் நாம். முப்பதைக் கடந்தவர்களும், இரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்து அலுமாரியிலே வைத்திருப்பவர்களுமாகிய நாம். ஆசியரைப் பொறுத்தவரையில் உடற்றிணிவுச் சுட்டி இருபத்துமூன்றைத் தாண்டினாலே அவதானம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004 ஆம் ஆண்டிலே கூறியிருக்கின்றனர். 'எனக்கொன்றும் பெரிய உடம்பில்லையே' என்ற ஆறுதல் நம்மிற் பலருக்கு அந்த அளவிலே நில்லாது.

சட்டைப்பையிலே அடங்கும் கொப்பியொன்று போதும். கைத்தொலைபேசியிலே இதற்கெனச் செயலிகள் வந்துள்ளன. இளையோருக்கு அவை வசதியாக இருக்கலாம். நான் பார்த்த ஒன்றிலே பாற்கட்டியில் முப்பது வகை இருந்தது, சொதி இல்லை. உண்டவுடன் எழுத வேண்டும். இரவு வரை விட்டால் நினைவு தன் வேலையைத் தொடங்கிவிடும். எடையைக் கிழமைக்கொருமுறை, ஒரே நாளிலே, காலையில் உண்ணுமுன் பார்த்தாற் போதும்; நாள்தோறும் தராசில் ஏறினால் உடம்பிலுள்ள நீரின் ஏற்றத்தாழ்வையே எடையென்று எண்ணி மகிழவும் வருந்தவும் நேரும். நடந்த தூரத்தையும் உறங்கிய நேரத்தையும் ஓரத்திலே குறிக்கலாம். கலியாண வீட்டுக்குப் போய் மூன்று நாள் எழுதாமல் விட்டால் நான்காம் நாள் அன்றைய திகதியைப் போட்டுத் தொடர வேண்டியதுதான். விட்ட நாட்களை நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். 'நன்று', 'தீது' என்ற சொற்களை ஓரிடத்திலும் எழுத வேண்டாம்.

வைத்தியரிடம் போகும்போது கொப்பியைக் கொண்டுசெல்லலாமா என்று சிலர் கேட்கின்றனர். நமது ஆஸ்பத்திரிகளின் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களிலே காலை ஆறு மணிக்கு இலக்கம் எடுத்துக் காத்திருப்பவருக்கு வைத்தியரின் முன்னே கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. முழுக் கொப்பியையும் அவர் புரட்ட மாட்டார், புரட்டவும் வேண்டியதில்லை. கடைசி நான்கு கிழமைகளின் எடை, நாளொன்றுக்குத் தேநீர் எத்தனை, சோறு எத்தனை அகப்பை, நடை எத்தனை நாள் என்று ஒரு துண்டுக் கடதாசியிலே நான்கு வரி எழுதிக் கொடுத்தால் அந்தச் சில நிமிடங்கள் பயன்படும். மிகுதி கொப்பியோடேயே இருக்கட்டும்.